முந்தின வாரம் என்று சொன்னவர்

சென்ற மாதம் பவித்ரா போன் செய்தாள். நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் என் கடைசி மூன்று வருடம் எனக்குக் கீழே இருந்தவள். இப்போது பர்சனல் பிரிவுக்கே அவள்தான் தலைமை.

"சார், புதுசா ஒரு சாப்ட்வேர் வாங்கப் போறோம். ஆள் பேசுற வீடியோவைப் போட்டா, எந்த இடத்துல பொய் சொல்றான்னு சிவப்புக் கோடு போட்டுக் காட்டுதாம். அதுக்கு முன்னாடி உங்க காலத்துல நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு எழுதிக் குடுங்க. புதுசா வந்த பிள்ளைங்களுக்குக் காட்டணும்."

"கண்டுபிடிச்சேன்னு உனக்கு யாரு சொன்னா?"

"சும்மா இருங்க சார். உங்களுக்குப் பேரே எக்ஸ்ரேதானே."

அந்தப் பெயர் எனக்குத் தெரியும். கேன்டீனுக்குள் நான் தட்டோடு நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். யாராவது ஒருவன், "எக்ஸ்ரே வருது, மூச்சப் புடிச்சுக்கோ" என்பான். கோபப்படுவதுபோல முகத்தை வைத்துக்கொள்வேன். உள்ளுக்குள் குளிர்ந்துபோகும். ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் பர்சனல் பிரிவில் இருந்தேன். தொழிலாளி மேல் குற்றச்சாட்டு வந்தால் உள் விசாரணை நடத்தி, அவன் சொல்வது நிஜமா பொய்யா என்று அறிக்கை எழுதுவது என் வேலை. ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது. இன்னும் பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவன் காலைத்தான் முதலில் பார்க்கிறேன்.

அந்த அறைக்கு ஏங்குகிறேன். அந்த மேசைக்கு, எதிரே உட்கார்ந்தவன் முதல் வார்த்தைக்கு வாய் திறக்கும் அந்த நொடிக்கு ஏங்குகிறேன். இதைச் சொல்ல வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஏக்கத்தில் முக்கால் பங்கு ஒரே ஒருவருக்காக. மாதேஷ் என்ற அந்த ஃபிட்டரை இன்னொரு தடவை அந்த நாற்காலியில் உட்கார வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்க முடிந்தால் போதும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

நான் அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரன். மதுரையில் சமூகப்பணி படித்தேன். இரண்டு வருடப் படிப்பில் சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்ய வைத்தார்கள், வேறொன்றும் இல்லை. தொழில் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் பர்சனல் மேனேஜர் கோதண்டம் சார்.

அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. சட்டைப் பையில் பேனா இருக்காது, சீவிய பென்சில் இரண்டு இருக்கும். விசாரணை நாளில் அவரே முதலில் அறைக்கு வந்து மேசை விரிப்பை உருவி மடித்து வைத்துவிடுவார். "துணி தொங்குனா காலு தெரியாதுய்யா. மூஞ்சி பத்தாவது வரைக்கும் படிச்சது. எதக் கேட்டாலும் ஒரு பதில் வச்சிருக்கும். காலு பள்ளிக்கூடத்துப் பக்கமே போகல" என்பார். இரண்டு நாற்காலியும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சம் வருகிறவன் கண்ணில் விழக்கூடாது. "வெயிலுக்குக் கண்ணச் சுருக்குவான், நீ திருட்டு முழின்னு எழுதிப்புடுவ."

வந்தவனுக்கு முதலில் டீ. டீ முடிகிறவரை குற்றச்சாட்டைப் பற்றி ஒரு வார்த்தை வரக்கூடாது. எந்த பஸ்ஸில் வந்தாய், ஊரில் மழை உண்டா, பிள்ளை என்ன படிக்கிறது, இவ்வளவுதான். அந்தப் பத்து நிமிடம் அவனுக்குப் பொய் சொல்லத் தேவையில்லை. அப்போது கை எங்கே இருக்கிறது, கால் எப்படி இருக்கிறது, பேச்சு என்ன வேகம் என்று மனதில் குறித்துக்கொள்ள வேண்டும். விஷயத்துக்கு வந்ததும் எது மாறுகிறதோ, அங்கேதான் தோண்ட வேண்டும். "மூக்கச் சொறிஞ்சா பொய்யுன்னு எவனாச்சும் சொன்னா நம்பாத. அவனுக்குச் சளி புடிச்சிருக்கும். மாறுதான்னு மட்டும் பாரு."

இன்னொன்று, எழுதுவது. வாக்குமூலத்தை அவன் வாயிலிருந்து வந்தபடியே எழுத வேண்டும். நான் கொஞ்சம் நல்ல தமிழாக்கி எழுதினால் அந்த இடத்தைப் பென்சிலால் சுழித்து, "இது அவன் பேச்சா, உம் பேச்சா?" என்பார். எழுதி முடித்ததும் உரக்கப் படித்துக் காட்டி, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் "படித்துக் காட்டக் கேட்டேன், சரி" என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

இந்த வித்தை எனக்கு நன்றாகவே பிடிபட்டது. ஒரு தடவை சிங்காரப்பேட்டை ஆள் ஒருவன் தை மாதத்தில் ஒரு வாரம் வேலைக்கு வராமல், கையில் கட்டோடு வந்து நின்றான். குளியலறையில் வழுக்கி விழுந்தானாம். டீ குடிக்கும்போது காலை நீட்டி ஆட்டிக்கொண்டிருந்தவன், குளியலறை என்றதும் இரண்டு பாதத்தையும் கதவுப் பக்கம் திருப்பினான். கதையைக் கடைசியிலிருந்து முன்னால் சொல்லச் சொன்னேன். ஆஸ்பத்திரி, ஆட்டோ என்று வந்தவன் ஆட்டோவுக்கு முன்னால் நின்றுவிட்டான்.

"ஆட்டோ எங்க வந்து ஏத்துச்சு?"

"மைதானத்துல சார்."

"குளியலறை மைதானத்துலயா கட்டியிருக்கீங்க?"

சிரித்துவிட்டான். "எருது உடற விழா சார். எங்க மாமன் காளைதான் முட்டிடுச்சு. வெளிய சொன்னா மானம் போயிடும்." எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டோம். எக்ஸ்ரே என்ற பெயர் அன்றைக்குத்தான் விழுந்தது. அது என் தலைக்கும் ஏறிவிட்டது.

இனி மாதேஷ் கதை, பவித்ரா கேட்டதற்கு இதுதான் என் பதில். நான் ஓய்வு பெறுவதற்கு எட்டு வருடம் முன்னால் நடந்தது. தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் காட்டை ஒட்டிய ஊர் அவருக்கு. வீட்டில் கன்னடம், படித்ததும் கன்னடப் பள்ளி. ஃபேக்டரியில் பேசுகிற தமிழ், இங்கே வந்து காதால் கேட்டுப் பிடித்தது. வேப்பனப்பள்ளிக்காரரான பிரஸ் ஆபரேட்டர் சங்கரும் அவரும் ஒரே அறையில் தங்கியிருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே டிபன் கேரியர், தங்களுக்குள் கன்னடப் பேச்சு. ஒருவர் லீவு போட்டால் மற்றவரிடம் போய்க் காரணம் கேட்கலாம், அப்படிப்பட்ட ஒட்டுதல்.

சங்கர் ஓட்டிய, தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ்ஸில் ஒரு சென்சார் உண்டு. கை உள்ளே இருந்தால் மிஷினை நிறுத்திவிடும். அது சில சமயம் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடித்து, மிஷினில் சிவப்பு அட்டை மாட்டி நிறுத்தி வைத்ததே மாதேஷ்தான். புது சென்சார் பெங்களூரிலிருந்து வரவேண்டும். சில நாள் கழித்து ஒரு காலை ஷிப்டில், சூப்பர்வைசர் முத்தையா அந்த அட்டையைக் கழற்றிவிட்டு மிஷினை ஓட்டச் சொன்னார். பத்தரை மணிக்குச் சங்கரின் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

முத்தையா கோவில்பட்டிக்காரர். என் முன்னால் உட்கார்ந்து அழுதார். "சார், சென்சார் என்னாச்சுன்னு நான் கேட்டேன். முந்தின வாரம்னு மாதேஷ் சொன்னாம்லா. மாத்திட்டான், அட்டையக் கழத்த மறந்துட்டான்னு நெனச்சேன். சங்கர் பய ரத்தத்துல கெடக்கான், நான் போயி பொய் சொல்லுவனா?" டீ குடிக்கும்போது எப்படி இருந்தாரோ அப்படியேதான் கடைசிவரை இருந்தார். கால் அசையவில்லை. நிஜம் என்று மனதில் எழுதிக்கொண்டேன். அதில் நான் தவறவில்லை.

மறுநாள் மாதேஷ். மேசை விரிப்பை எடுத்தாயிற்று, டீ வந்தாயிற்று. எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில், "ஆனெ பந்தித்தா?" என்று கேட்டேன். ராகிக் காட்டுக்கு யானை வந்ததா என்று விசாரிப்பு. அவர் முகம் மலர்ந்துவிட்டது. கன்னடத்திலேயே ஓட்டமாகச் சொன்னார், வந்ததாம், மூன்று யானையாம், தம்பி மரத்தில் ஏறிக்கொண்டானாம். என் கன்னடத்தை இரண்டு இடத்தில் திருத்தினார். கால் மேசைக்கடியில் நீண்டு கிடந்தது.

டீ முடிந்தது. பதிவு தமிழில் இருக்க வேண்டும் என்பது விதி. நான் தமிழுக்கு மாறினேன்.

"சென்சார் பத்தி முத்தையா சார்கிட்ட என்ன சொன்ன?"

கண் மேலே போனது. சத்தமில்லாமல் உதடு அசைந்தது. பிறகுதான் பதில் வந்தது. "சென்சார் முந்தின வாரம்னு சொன்னேங்க சார்."

"அப்ப மாத்தியாச்சுன்னு சொல்லியிருக்க."

"மாத்தியாச்சுன்னு சொல்லல சார். முந்தின வாரம்னு மட்டுந்தான் சொன்னேன்."

"ஸ்பேரே வரலயே. வராத ஸ்பேருக்கு முந்தின வாரம்னு ஏன் சொன்ன?"

மறுபடி கண் மேலே போனது, உதடு அசைந்தது. "வரலன்றதாலதான் சார் அப்டி சொன்னேன்."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன். இரண்டு காலையும் நாற்காலிக்கடியில் இழுத்து, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். யானைக் கதை சொன்ன ஆளே இல்லை. கோதண்டம் சார் சொன்ன மாற்றம் இதைவிடத் தெளிவாக எந்த விசாரணையிலும் எனக்குக் கிடைத்ததில்லை. எனக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது. அதை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

சொன்னது சொன்னபடி எழுதினேன். படித்துக் காட்டினேன். அவர் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். "முந்தின வாரம்" என்ற இடத்தில் இன்னும் பலமாக ஆட்டி, "அதேதான் சார்" என்றார். கையெழுத்துப் போட்டார். அவருக்குத் துணையாக உட்கார்ந்திருந்த சேலத்துக்காரத் தொழிலாளி, "ஏன்பா இப்படி உன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்கற" என்று முணுமுணுத்தது எனக்கும் கேட்டது.

கோதண்டம் சார் அறிக்கையைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "டீ குடிக்கறப்ப எப்படி இருந்தான்?"

"சிரிச்சுப் பேசினான் சார். விஷயத்துக்கு வந்ததும் அப்படியே மாறிட்டான்."

பென்சிலை மேசையில் இரண்டு தடவை தட்டிவிட்டுக் கோப்பை மூடினார். சோதித்துப் பார்க்காமல் மிஷினை ஓட்டியதற்கு முத்தையாவுக்கு எச்சரிக்கைக் கடிதம். மாதேஷுக்கு வேலை நீக்கம். உத்தரவில் "பழுது நீக்கப்பட்டதாகப் பொய்த் தகவல் அளித்து, சக தொழிலாளியின் ஊனத்துக்குக் காரணமானார்" என்று நான்தான் வாசகம் அமைத்தேன். முந்தின வாரம் என்ற சொல் அதில் இல்லை. இருந்து, அதை அறிவிப்புப் பலகையில் ஒரு கன்னடக்காரர் படித்திருந்தால் அன்றே விஷயம் வெளியே வந்திருக்கும்.

உத்தரவை வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார். "நீங்களும் முத்தையா சாரும் ஒரே பக்கத்து ஆளுங்க சார்" என்றார்.

ஆஸ்பத்திரியில் கிடந்த சங்கரிடம், "மாத்தியாச்சுன்னு சொன்னதா அவனே கையெழுத்துப் போட்டுட்டான்" என்று யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப்போன மாதேஷிடம், சங்கர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "இனிமே வராத" என்றாராம். அறையைக் காலி செய்துகொண்டு மாதேஷ் ஊருக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். என் மனசு அன்றைக்கே லேசாக உறுத்தியது. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. பொய் சொல்கிறவன் படித்துக் காட்டும்போது அவ்வளவு பலமாகத் தலையாட்ட மாட்டான். அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பதினோரு வருடம் போனது. போன வருடம் மனைவியோடு தேன்கனிக்கோட்டை ரோட்டில் ஒரு தையல் கடைக்குப் போனேன். அவளுடைய ரவிக்கை தயாராகவில்லை. கடைக்காரர் கன்னடக்காரர். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டே, "முந்தின வாரம் வாங்கம்மா, கண்டிப்பா குடுத்துடறேன்" என்றார்.

என் மனைவி சிரித்தாள். "முந்தின வாரத்துக்கு நான் எப்படிங்க வர்றது? காலண்டரைத் திருப்பி மாட்டிட்டா?"

அவரும் சிரித்தார். "எங்க கன்னடத்துல முந்தினன்னா வரப்போற வாரம்மா. இங்க எல்லாரும் போன வாரம், வர்ற வாரம்னு பேசறதால மாட்டிக்காம தப்பிக்கறோம். உங்க மாதிரி தெக்கத்தி ஆளுங்க வந்தாத்தான் வம்பு. ஒருத்தர் இந்த முந்தினயால எங்க ஊட்டுக் கல்யாணத்துக்கே வரல. போன வாரமே முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சுட்டாராம்."

நான் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். சர்க்கரை குறைந்துவிட்டதென்று மனைவி பயந்து மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள். ஸ்பேர் வரவில்லை, அதனால்தான் முந்தின வாரம் என்று சொன்னேன் என்றார் மாதேஷ். அடுத்த வாரம்தான் மாற்றுவேன் என்று அர்த்தம். அந்த மனிதர் எவ்வளவு நேராகப் பேசியிருக்கிறார். கண் மேலே போனதும், உதடு அசைந்ததும், கால் ஒடுங்கியதும் கன்னடத்திலிருந்து தமிழுக்கு வர அவர் பட்ட பாடு. நான் கன்னடத்தில் அளந்து வைத்துக்கொண்டு தமிழில் எடை போட்டிருக்கிறேன். முந்தின வாரம்னா எந்த வாரம் என்று ஒரு கேள்வி. அந்த ஒரே கேள்வியை நான் கேட்கவில்லை. கோதண்டம் சாரிடம் சொல்லி அழலாம் என்றால் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நடந்ததை எல்லாம் இரண்டு பக்கம் எழுதி, தவறு என்னுடையது என்று கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு மாதேஷ் ஊருக்குப் போனேன். தேன்கனிக்கோட்டையில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து, அப்புறம் விசாரித்து விசாரித்து நடந்தேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய் நிற்பது என்று பாதி வழியில் இரண்டு தடவை நின்றேன். ராகி அறுத்த காட்டில் கட்டு கட்டிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. துண்டால் கையைத் துடைத்தார், ஆனால் வாங்க என்று சொல்லவில்லை.

நின்றபடியே சொன்னேன். தையல் கடையில் நடந்ததிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். அந்தச் சொல்லை ஒருமுறை கன்னடமாகவும் ஒருமுறை தமிழாகவும் தனக்குள் சொல்லிப் பார்த்தார்.

"அப்ப முத்தையா சாரும் பொய் சொல்லல" என்றார்.

"இல்ல. நீங்க ரெண்டு பேருமே சொல்லல."

"இத்தன வருசமா அந்த மனுசன நெனச்சு நெனச்சுத் திட்டிக்கிட்டு இருந்தேனே சார்."

நான் அந்தக் காகிதத்தை நீட்டினேன். "ஃபேக்டரி கை மாறிடுச்சு மாதேஷ். பழைய கோப்பெல்லாம் போயிடுச்சு. வேலையை என்னால திருப்பித் தர முடியாது. நீங்க பொய் சொல்லலன்னு எழுதியிருக்கேன். என்னை மன்னிக்கணும்."

அவர் வாங்கவில்லை. "நான் பொய் சொல்லலன்னு எனக்குத் தெரியாதா சார்? என்கிட்ட எதுக்கு வந்து சொல்றீங்க?" குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சங்கர்கிட்ட சொல்லுங்க" என்றார்.

மடியிலிருந்து போனை எடுத்தார். "நம்பர் அதேதான். அவன் மாத்தல, நானும் மாத்தல. ஸ்டேட்டஸ் போடுவான், பாப்பேன். பொண்ணுக்குக் காது குத்து, மாங்கா லோடு ஏத்தறது, எல்லாம் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இடது கையால எழுதப் பழகிட்டான் சார். ஒரு நாளாச்சும் கூப்புடுவானான்னு..." சங்கரின் நம்பரை அழுத்திப் போனை என் கையில் கொடுத்துவிட்டு, ராகிக் கட்டுகளைத் தாண்டிக் காட்டின் அந்த ஓரத்துக்குப் போய்விட்டார்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தார் சங்கர். "மாதேஷா?" என்றார். நான் யாரென்று சொன்னேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் கொடுத்த ஒரே வாக்குமூலம் அது. முடித்ததும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மௌனத்தை வைத்து ஆளைச் சொல்லிவிடுவேன் என்று பெருமையடித்தவன் நான். இது கோபமா, அழுகையா, போனை வைத்துவிட்டாரா, எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"நாந்தான் சார் அவன வராதன்னேன்" என்றார் கடைசியில். "அன்னைக்கு ஆப்பிள் வாங்கிட்டு வந்தான். எனக்குப் புடிக்கும்னு. அதத் தூக்கிப் போடச் சொன்னேன்." பிறகு அவரே கேட்டார், "போன அவன்கிட்ட குடுங்க சார்."

அறுத்த ராகித் தாள்கள் காலில் குத்தக் குத்தக் காட்டின் மறு ஓரத்துக்கு நடந்துபோய்க் கொடுத்தேன். மாதேஷ் இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். பிறகு அவர் பேச ஆரம்பித்தார், கன்னடத்தில், ஓட்டமாக. எனக்குப் பாதிதான் புரிந்தது. புரியாத மீதியை அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம் என்று இருபத்தாறு வருடப் பழக்கம் என் கழுத்தைத் திருப்பியது. நான் பார்க்கவில்லை. அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவர் பேசி முடிக்கிறவரை அப்படியே நின்றேன்.